மச்சான் டப்பாவில் இருந்த நாலணா

"மீதித் துண்டு எங்க சார்?" என்று கேட்டார் எக்ஸ்ரே எடுத்த பெண்.

நான் சட்டையில்லாமல் சில்லிட்ட பலகையின் மேல் மல்லாந்து கிடந்தேன். சத்துவாச்சாரியில் ஹைவேயை ஒட்டிய ஒரு சின்ன ஆஸ்பத்திரி. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். சாப்பிடாமல் விட்டு வந்த பிரியாணியின் வாசனை இன்னும் என் மூக்கில் இருந்தது.

"என்ன துண்டும்மா?"

"காசு முழு வட்டமா இல்ல சார். ஒரு ஓரத்துல கடிச்ச மாதிரி கொற இருக்கு. அந்தத் துண்டு வயித்துல காணோம். கூரா இருந்தா ஆபத்து. நெஞ்சுக்கு ஒரு படம் எடுத்துப் பார்த்துடலாம்."

கதவோரம் நின்றிருந்த என் மச்சான் தனபால், கேட்காமலே உள்ளே வந்து திரையைப் பார்த்தார். என் மனைவி எஸ்தரின் அண்ணன் அவர். திரையில் என் விலா எலும்புகளுக்குக் கீழே வெள்ளையாக ஒரு வட்டம். அதன் ஓரத்தில் பிஸ்கட்டைக் கடித்தது போல ஒரு பிறை அளவு இல்லை.

"மாப்ள, நெஜமாவே கடிச்சிட்டீங்களா?" என்றார். குரலில் பாதி பயம், பாதி மரியாதை.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அது நான் கடித்ததில்லை, நாணயச் சாலையில் அந்தக் காசு பிறக்கும்போதே அப்படித்தான் பிறந்தது என்று ஒரே ஒரு வரி. சொன்னால், அது தெரிந்தும் அதை ஏன் வாயில் போட்டேன் என்று அடுத்த கேள்வி வரும்.

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். இல்லாத துண்டுக்காக என் நெஞ்சைப் படம் எடுத்தார்கள்.

பிறவியா, காயமா?

ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையின் கட்டிங் பிரிவில் நான் சூப்பர்வைசர் என்பதை இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்கள் அறிவார்கள். இந்த வாரம் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக அதைத் திரும்பச் சொல்கிறேன். ஏனென்றால் காசுப் பைத்தியம் எனக்கு அங்கேதான் பிடித்தது.

தோல் பார்க்கிறவன் முதலில் கற்றுக்கொள்வது ஒரு வித்தியாசத்தை. இந்தத் தழும்பு ஆடு உயிரோடு இருந்தபோது உண்ணி கடித்தோ முள் கீறியோ வந்ததா, அல்லது தோல் நம் கைக்கு வந்த பிறகு ஆனதா? விரல் நுனியால் தடவினால் தெரிந்துவிடும். காசிலும் அதே கேள்விதான். கோளாறு அச்சடிக்கும்போதே வந்திருந்தால் அதற்கு மதிப்பு. வெளியே வந்த பிறகு அடி வாங்கியிருந்தால் அது வெறும் காயம்.

எங்கள் பிரிவில் ஷூவின் பாகங்களை வெட்ட இரும்பில் அச்சுக் கத்தி வைத்திருப்போம். 'டை' என்போம். தோலைப் பரப்பி, டையை வைத்து, மேலே மிஷினை இறக்கினால் ஒரு பாகம் வெட்டுப்படும். அவசரத்தில் யாராவது முன்பு வெட்டிய ஓட்டையின் மேல் கொஞ்சம் ஏறினாற்போல டையை வைத்துவிட்டால், அடுத்த பாகம் ஓரத்தில் பிறை வடிவக் குறையோடு வரும். தினமும் நாலைந்து அப்படி வரும். நான் திட்டிவிட்டு ஓரமாகப் போடுவேன்.

காசும் இப்படித்தான். உலோகத் தகட்டிலிருந்து வட்டம் வட்டமாக வெட்டுவார்கள். தகடு நகர வேண்டிய அளவு நகராவிட்டால், வெட்டு பழைய ஓட்டையின் மேல் விழும். வரும் வட்டில் ஒரு கடி இருக்கும். அது யார் கண்ணுக்கும் தப்பி, அச்சும் வாங்கி, ஊருக்குள் வந்துவிட்டால் அதைத் தேடி என்னைப் போல் நாலு பேர் அலைவார்கள்.

பல வருடங்கள் இது என் தனிப் பைத்தியமாக இருந்தது. பிறகு செல்போனில் வீடியோக்கள் வந்தன. 'உங்க வீட்ல இந்தக் காசு இருந்தா நீங்கதான் லட்சாதிபதி' என்று யாரோ கத்த, எங்கள் தொழிற்சாலையில் சாப்பாட்டு வேளை முழுவதும் காசு பார்க்கும் வேளையாக மாறியது. எல்லோரும் என் டேபிளுக்கு வந்தார்கள்.

சாதிக் என்று கட்டிங் மிஷின் ஓட்டுகிற ஒருவர். வாணியம்பாடியிலிருந்து தினமும் வருகிறவர். ஒருநாள் அப்பளம் போல் தட்டையான ஒரு ரூபாயைக் கொண்டுவந்து வைத்தார். சிங்கமும் இல்லை, எழுத்தும் இல்லை.

"இது எரர்தான சார்?"

"எங்க கெடச்சுது?"

"தண்டவாளத்து மேல வச்சேன். ரயில் போச்சு."

"எரர்தான் சாதிக். காசோடது இல்ல."

அவர் காசைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப ரயில்வேயோடதா?" என்றார்.

பால் பவுடர் டப்பா

மச்சான் தனபால் ஜோலார்பேட்டைக்காரர். ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். நேர்மையான மனிதர், ஆனால் எதையும் பாதியில் விடமாட்டார். அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ரயிலேறி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பழைய பால் பவுடர் டப்பா.

அது அவர் மகள் ஷீலாவினுடையது. ஷீலா இப்போது வெளிநாட்டில் நர்ஸ். சின்ன வயதில் சண்டே ஸ்கூல் காணிக்கைக்கென்று கொடுத்த நாலணாக்களில் பாதியைக் கர்த்தருக்கும் பாதியை இந்த டப்பாவுக்கும் பங்கிட்டவள். பரணைச் சுத்தம் செய்யும்போது டப்பா கிடைத்திருக்கிறது. போனில் சொன்னதும், "மாமாகிட்ட காட்டுப்பா. நல்லதா ஒண்ணு இருந்தா எடுத்து வைக்கச் சொல்லு, பிரேம் போட்டுக்கறேன்" என்றாளாம்.

கூடத்தில் பேப்பரை விரித்துக் கொட்டினோம். எல்லாம் காண்டாமிருகம் போட்ட இருபத்தைந்து பைசா. அரசாங்கம் செல்லாது என்று எப்போதோ சொல்லிவிட்ட காசு. எஸ்தர் சமையலறையில் தால்ச்சாவைச் சுட வைத்துக்கொண்டிருந்தாள். மச்சான் கை கழுவப் பின்பக்கம் போனார்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன்.

காண்டாமிருகத்துக்குப் பின்பாதியைக் காணோம். வால் இருக்க வேண்டிய இடத்தில் வழுவழுவென்று ஒரு வளைவு. அரம் வைத்து ராவிய கோடு ஒன்றுகூட இல்லை. கடிக்குப் பக்கத்தில் இருந்த எழுத்துகள் அந்தப் பக்கமாக இழுபட்டு மெலிந்திருந்தன. கடைசிச் சோதனை ஒன்று உண்டு. காசைத் திருப்பிக் கடிக்கு நேர் எதிரே உள்ள விளிம்பைப் பார்க்க வேண்டும். அச்சடிக்கும் முன் வட்டை நெருக்கி உருட்டித்தான் விளிம்பை எழுப்புவார்கள். ஒரு பக்கம் குறை இருந்தால் எதிர்ப்பக்கம் அழுத்தம் விழாது, விளிம்பு எழும்பாது. பின்னால் வெட்டிப் போலி செய்கிறவனால் அதைச் செய்ய முடியாது.

கட்டை விரலால் தடவினேன். விளிம்பு அங்கே மழுங்கிக் கிடந்தது.

இருபது வருடத்துக்கும் மேலாகத் தேடியிருக்கிறேன். கடை கடையாகச் சில்லறை மாற்றி, உண்டியல் உண்டியலாகக் கொட்டிப் பார்த்து, ஒன்றுகூட என் கையில் தானாகச் சிக்கியதில்லை. என்னிடம் இருந்தவை எல்லாம் விலைக்கு வாங்கியவை. இதோ, ஒரு செல்லாக்காசாக அது என் கையில் இருந்தது.

மச்சானின் செருப்புச் சத்தம் கேட்டது.

சட்டைப் பையில் போட்டிருப்பேன். ஆனால் நான் லுங்கியும் பனியனும்தான் போட்டிருந்தேன். போக இடமில்லாமல் கை வாய்க்குப் போனது. கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டேன். ஒரு நிமிடம்தான், பிறகு பின்பக்கம் போய்த் துப்பி எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

"இன்னா மாப்ள, ஏதாச்சும் தேறுச்சா?"

"ம்ஹூம்."

எஸ்தர் பிரியாணித் தட்டோடு வந்தாள். பள்ளிக்கூட டீச்சர். முப்பது பிள்ளைகளின் கன்னங்களைத் தினமும் பார்க்கிறவள். "வாயில இன்னா வச்சிருக்கீங்க?" என்றாள்.

ஒன்றுமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றுமில்லாமல் போய்விட்டது.

காசைக் கடித்தவர்

ஐம்பத்திரண்டு வயது ஆள் காசை விழுங்கினால் காரணம் சொல்லியாக வேண்டும். இருமிக்கொண்டே ஒரு பொய்யைச் சொன்னேன். "ஒரு காசு கள்ளக்காசு மாதிரி இருந்துச்சு மச்சான். பல்லால கடிச்சுப் பார்த்தா தெரியும். வழுக்கி உள்ள போய்டுச்சு."

மச்சான் முகம் சுருங்கிவிட்டது. "என் காசால உங்களுக்கு இப்படி ஆகிப்போச்சே" என்று என் முதுகைத் தடவினார். ஆட்டோ பிடித்ததும், பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்ததும், ஆஸ்பத்திரியில் என் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதும் அவர்தான்.

நெஞ்சுப் படத்திலும் துண்டு இல்லை. டாக்டர் இரண்டு படங்களையும் பார்த்துவிட்டு என் பற்களையும் பார்த்தார். "தானா வெளிய வந்துடும். வாழைப்பழம் ஜாஸ்தி சாப்பிடுங்க. மூணு நாள்ல வந்து இன்னொரு படம் எடுங்க. தெனமும் செக் பண்ணுங்க." எதைச் செக் பண்ண வேண்டும் என்று அவர் விளக்கவில்லை. எஸ்தர் வீட்டுக்கு வந்ததும் பழைய மாவு ஜல்லடையை எடுத்துப் பாத்ரூமில் வைத்தாள்.

ஷீலா அன்றே வீடியோவில் வந்தாள். "மாமா, பயப்படாதீங்க. மோஷன் போச்சா?" அடுத்த நாள் காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை. யாருடைய காசைத் திருடி வயிற்றில் வைத்திருந்தேனோ அவளே அத்தனை அக்கறையாக என் வயிற்றைப் பற்றி விசாரித்தாள். ஒவ்வொரு தடவையும் நான் இன்னொரு வாழைப்பழத்தை உரித்தேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். எனக்கு முன்பே செய்தி போயிருந்தது. எப்படிப் போனது என்று இன்றுவரை தெரியவில்லை. சூப்பர்வைசர் ஸ்டீல் காசைப் பல்லாலேயே துண்டாக்கிவிட்டார் என்பது தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்த வடிவம்.

சாதிக் மிஷினை நிறுத்திவிட்டு வந்தார். "சார், எந்தப் பல்லால கடிக்கணும்? முன்பல்லா, கடவாப்பல்லா?"

"எதாலயும் கடிக்காத. அது சும்மா சொன்னது."

"புரியுது சார்" என்று கண்ணைச் சிமிட்டினார். தொழில் ரகசியத்தை நான் மறைக்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் ஆளுக்கொரு காசைக் கடித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஐந்து ரூபாயைக் கடித்துவிட்டு, "இது ஒரிஜினல், உப்பு கரிக்குது" என்றார்.

செவ்வாய்க்கிழமை என் வயிறு தொழிற்சாலையில் வைத்தே அவசரப்பட்டது. இரண்டு சீப்பு வாழைப்பழத்தின் வேலை. ஜல்லடை வீட்டில் இருந்தது. அதைப் பற்றி எஸ்தரிடம் நான் சொல்லவில்லை. பொய் சொல்லத் தொடங்கியவன் இப்படிச் சின்னச் சின்ன விஷயங்களையும் விழுங்கப் பழகிவிடுகிறான்.

பதினேழாவது காசு

அன்று சாயந்திரம் மச்சான் போன் செய்தார். குரல் ஏதோ காற்று போகிற மாதிரி இருந்தது.

"மாப்ள, நாளைக்கு நீங்க ஆஸ்பத்திரிக்குப் போறப்போ நானும் வர்றேன். அங்க பல் டாக்டர் இருக்காருல்ல?"

"இன்னா ஆச்சு மச்சான்?"

"ஒண்ணுமில்ல. டப்பாவுல இன்னும் கள்ளக்காசு இருந்தா ஷீலா பிரேம் போட்டு வச்சு அசிங்கமாப் போய்டுமே. நீங்க வேற ஒடம்பு முடியாம இருக்கீங்க. அதான் நானே ஒவ்வொண்ணா கடிச்சுப் பார்த்தேன். பதினாறு நல்ல காசு. பதினேழாவதுல பல்லு போச்சு."

சாதிக்கிடம் சொன்ன மாதிரி, கடிக்காதே என்று அவரிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். தோன்றவே இல்லை.

மறுநாள் காலை நான், எஸ்தர், மச்சான் மூவரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். என் கையில் எக்ஸ்ரே டோக்கன், மச்சான் கையில் பல் டோக்கன். அவருடைய மேல்வரிசை முன்பல் பாதியாக உடைந்திருந்தது. கைக்குட்டையால் மூடிக்கொண்டு எனக்காக வாங்கி வந்த இளநீரை நீட்டினார்.

அந்த இளநீரை என்னால் வாங்க முடியவில்லை.

"மச்சான், அது கள்ளக்காசு இல்ல."

"அப்புறம்?"

"நல்ல காசு. ரொம்ப நல்ல காசு. அச்சடிக்கறப்பவே தப்பா வந்த காசு. நான் இத்தன வருஷமா தேடுனது. நீங்க கை கழுவப் போனீங்க. ஒளிச்சு வச்சுக்கலாம்னு வாயில போட்டேன்."

எஸ்தர் பக்கத்து நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து, இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

மச்சான் எதிர்ச்சுவரைப் பார்த்தார். அங்கே கொசு வராமல் தடுப்பது எப்படி என்று ஒரு படம் ஒட்டியிருந்தது.

"அப்ப அதுல இருந்த கடி?"

"மிஷின் கடிச்சது."

"நீங்க கடிக்கல."

"இல்ல மச்சான்."

"ரயில்வே காலனி பூரா சொல்லிட்டனே" என்றார். "எங்க மாப்ளைக்கு ஸ்டீலக் கடிக்கிற பல்லுன்னு. சர்ச்சுல கூட சொன்னேன். ஐயரு ஜெபத்துல உங்க பேர சேர்த்துக்கிட்டாரு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கைக்குட்டையை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு, உடைந்த பல்லின் வழியே காற்று கலந்து வந்த அந்த ஒரு வரியை நான் மறந்ததில்லை.

"கேட்டிருந்தா குடுத்திருப்பனே மாப்ள."

வெறும் வயிறு

என் டோக்கனைக் கூப்பிட்டார்கள். அதே பெண், அதே சில்லிட்ட பலகை. இந்தத் தடவை மச்சான் உள்ளே வரவில்லை.

அந்தப் பெண் திரையைப் பார்த்தார், பெரிதாக்கிப் பார்த்தார், என்னைப் புரண்டு படுக்கச் சொல்லி இன்னொன்று எடுத்தார். "காசு இல்ல சார். வெளிய போய்டுச்சு. பார்க்கலயா?"

செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்தது.

வெளியே வந்து, அது தொழிற்சாலையிலேயே போய்விட்டதைச் சொன்னேன். எஸ்தர்தான் முதலில் பேசினாள். "மூணு நாளா ஜல்லடையப் புடிச்சுக்கிட்டு நின்னேன். ஒரு வார்த்த சொல்லல நீங்க." மச்சான் பல் டாக்டரிடம் காட்டிவிட்டு, ரயிலுக்கு நேரமாகிறது என்று தனியாகக் காட்பாடி ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். இளநீர் நாற்காலியில் அப்படியே இருந்தது.

மறுநாள் சாதிக்கிடம் உண்மையைச் சொன்னேன். அவர் அதிர்ச்சி அடையவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தார். எங்கள் பிரிவில் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, கழிவுநீர் லாரியைக் கூப்பிட்டு செப்டிக் டேங்க்கைத் திறக்கலாமா என்று மேனேஜரிடம் முறையாக எழுதிக் கேட்டார். காரணம் என்ற இடத்தில் 'சூப்பர்வைசர் சாரின் காண்டாமிருகம்' என்று இருந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு இது என்ன என்று கேட்டார்.

இரண்டு மாதம் மச்சான் பேசவில்லை. எஸ்தருக்குப் போன் வரும், பேசுவார்கள், நான் அந்த அறையில் இருந்தால் அவள் வேறு அறைக்குப் போவாள். நான் என் காசு ஆல்பத்தை எடுத்துப் பார்க்கவே இல்லை. தொழிற்சாலையில் யாராவது காசைக் காட்டினால், கண்ணாடி கொண்டுவரவில்லை என்றேன்.

பிறகு ஷீலா லீவில் ஊருக்கு வந்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. போனில், "மாமா, நீங்க வராம நான் டப்பாவத் தொறக்கப் போறதில்ல. சண்ட போடறதுன்னா வந்து நேர்ல போடுங்க" என்றாள்.

போனோம். ஜோலார்பேட்டை வீட்டுக் கூடத்தில் பேப்பர் விரித்திருந்தது. மச்சான், "வாங்க" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். எனக்கு நேர் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார். நான் ஒவ்வொரு காசாக எடுத்துப் பார்க்க, அவர் என் கையை மட்டும் பார்த்தார். இரண்டு மணி நேரம். இடையில் எனக்குத் தும்மல் வந்தது. அவர் முழங்காலில் எழுந்து நின்றுவிட்டார்.

கடைசிக் கைப்பிடியில் ஒன்று கிடைத்தது. நம் ஊர்க் காசை நிமிர்த்திப் பிடித்து இடம் வலமாகத் திருப்பினால் பின்பக்கமும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். இதில் சிங்கம் நேராக நின்றது, திருப்பினால் காண்டாமிருகம் தலைகீழாக நின்றது. இரண்டு அச்சில் ஒன்று சுழன்று போயிருக்கிறது. கடிபட்ட காசு அளவுக்கு இல்லை, ஆனாலும் நல்ல காசு.

"மச்சான், இது தேறும்" என்றேன். உள்ளங்கையில் வைத்து, எல்லோருக்கும் தெரியும்படி நீட்டினேன். ஷீலா வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள். தலைகீழாக நின்ற காண்டாமிருகத்தைப் பல கோணத்தில் படம் எடுத்தாள். எஸ்தரும் குனிந்து பார்த்தாள். மிச்சக் காசுகளை டப்பாவில் அள்ளிப் போட்டுவிட்டு நான் எழுந்தேன்.

"மாப்ள, நில்லுங்க" என்றார் மச்சான்.

நின்றேன்.

"வாயத் தொறங்க."

ஷீலா, "அப்பா" என்றாள். அவர் கேட்கவில்லை. போனில் லைட்டைப் போட்டார். நான் திறந்தேன். ஒரு கன்னம், மறு கன்னம். புதிதாகக் கட்டிய அவருடைய முன்பல் மற்றவற்றைவிட வெள்ளையாக என் முகத்துக்குப் பக்கத்தில் தெரிந்தது.

"நாக்கத் தூக்குங்க."

தூக்கினேன். அடியில் லைட்டை ஆட்டிப் பார்த்தார். அவசரமே படாமல் பார்த்தார். பிறகு லைட்டை அணைத்து, என் தோளில் கை போட்டார்.

"சரி. சாப்ட வாங்க."